பிபா சௌதுரியும் பயான் கண்டுபிடிப்பும்: அவருக்கு உரிய இடம் எது?

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியை. எங்கள் மாணவர்கள் இந்திய இயற்பியலாளர்களைப் பற்றி ஒரு கண்காட்சி அமைக்கிறார்கள். அதில் பிபா சௌதுரிக்கு ஒரு பலகை ஒதுக்கியிருக்கிறோம். மாணவி ஒருத்தி எழுதிக் கொடுத்த தலைப்பு, 'இந்தியப் பெண்ணிடமிருந்து பறிக்கப்பட்ட நோபல் பரிசு' என்பது. அவளுடைய ஆர்வம் எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தாலும், இந்தத் தலைப்பை அப்படியே சுவரில் மாட்டலாமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. துறை அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

அவரைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பிபா சௌதுரி 1913ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பிறந்தார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1936இல் இயற்பியல் முதுகலைப் பட்டம் பெற்றபோது அந்த வகுப்பில் அவர் ஒருவரே பெண். பின்னர் தேபேந்திர மோகன் போஸ் அவர்களிடம் ஆய்வு மாணவியாகச் சேர முயன்றார். பெண்களுக்குக் கொடுக்கத்தக்க ஆய்வுப் பணி தம்மிடம் இல்லை என்று போஸ் முதலில் தயங்கியதாகச் சொல்லப்படுகிறது. சௌதுரி விடவில்லை. ஜகதீச சந்திர போஸ் 1937இல் மறைந்த பிறகு, அவருடைய சகோதரியின் மகனான தேபேந்திர மோகன் போஸ் அடுத்த ஆண்டில் போஸ் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். சௌதுரியும் அங்கே சென்று, விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் துகள்களான அண்டக்கதிர்களைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார்.

இருவரும் ஒளிப்படத் தகடுகளை டார்ஜிலிங், சந்தக்ஃபூ, பாரி ஜோங் ஆகிய உயரமான இடங்களில் பல மாதங்கள் வைத்திருந்து, பிறகு கழுவி, நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். 1940 முதல் 1942 வரை 'நேச்சர்' இதழில் இருவர் பெயரிலும் தொடர்ச்சியாகக் கட்டுரைகள் வெளிவந்தன. எலெக்ட்ரானைப் போல ஏறத்தாழ 200 மடங்கு நிறையுள்ள துகள்களின் தடங்களைத் தகட்டில் கண்டதாக அவற்றில் எழுதினார்கள். அதன்பின் 1947இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் செசில் பவல் குழுவினர் ஒளிப்படத் தகட்டு முறையிலேயே பயான் என்னும் துகளைக் கண்டுபிடித்தார்கள். 1950இல் பவல் நோபல் பரிசு பெற்றார். பரிசுக் குறிப்பிலேயே ஒளிப்பட முறையை வளர்த்தெடுத்ததும் மீசான்களை (எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடைப்பட்ட நிறையுள்ள துகள்களை) கண்டதும் சேர்த்துச் சொல்லப்பட்டன.

ஆக, முறை இங்கே, மீசான் இங்கே, பரிசு அங்கே என்றுதான் மாணவி புரிந்துகொண்டிருக்கிறாள். இந்தப் புரிதலில் எவ்வளவு சரி, எவ்வளவு மிகை?

செங்கதிர்

அம்மா, தலைப்பை மாற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. கட்டுரைகள் அச்சில் இருக்கின்றன, ஆண்டுகள் தெளிவாக இருக்கின்றன. பவல் குழுவுக்கு ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பே இந்த முறை கொல்கத்தாவில் கையாளப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் ஒருவர் இதைச் செய்திருந்தால் வரலாற்று நூல்கள் அனைத்திலும் அவர் பெயர் முதல் பத்தியில் இருந்திருக்கும். அடிமைப்பட்ட நாட்டைச் சேர்ந்தவர், அதிலும் பெண் என்பதால் அடிக்குறிப்பிலும் இடம் கிடைக்கவில்லை. நாம் தமிழில் ஒரு பலகை எழுதும்போதாவது உரத்துச் சொல்லக் கூடாதா?

நிறைமாறிலி

செங்கதிர் அவர்களின் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் சௌதுரி என்ன கண்டார் என்பதைச் சரியாகச் சொல்லாமல் உரத்துச் சொன்னால், விவரம் தெரிந்த ஒருவர் வந்து ஒரே கேள்வியில் அந்தப் பலகையைப் பொய்யாக்கிவிடுவார். பிறகு அவர் உண்மையிலேயே செய்ததும் சேர்ந்தே மதிப்பிழந்துவிடும். அதனால் இயற்பியலைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

அணுக்கருவைப் பிணைத்து வைத்திருக்கும் விசையை விளக்குவதற்காக ஒரு புதிய துகள் இருக்க வேண்டும் என்று ஜப்பானின் யுகாவா 1935இல் கணித்தார். அதன் நிறை எலெக்ட்ரானைப் போல ஏறத்தாழ 200 மடங்கு இருக்கும் என்பது அவருடைய மதிப்பீடு. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஆண்டர்சனும் நெடர்மேயரும் அண்டக்கதிர்களில் அதே அளவு நிறையுள்ள ஒரு துகளைக் கண்டபோது, யுகாவா சொன்னது கிடைத்துவிட்டது என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். அதற்கு அப்போது வைத்த பெயர் மீசோட்ரான். ஆனால் அது யுகாவாவின் துகள் அன்று. இன்று நாம் மியூவான் என்று அழைப்பது அதைத்தான். அதன் நிறை எலெக்ட்ரானைப் போல 207 மடங்கு. யுகாவாவின் துகளாகிய பயானின் நிறை 273 மடங்கு. இரண்டும் வெவ்வேறு என்பது 1947இல்தான் துலங்கியது.

இப்போது போஸும் சௌதுரியும் செய்த வேலைக்கு வருவோம். தகட்டில் பூசப்பட்ட ஒளியுணர் பூச்சான பால்மத்தின் வழியே மின்னேற்றமுள்ள ஒரு துகள் பாய்ந்தால், அதன் பாதையில் இருக்கும் வெள்ளி புரோமைடுப் படிகங்கள் பாதிக்கப்பட்டு, தகட்டைக் கழுவும்போது கரிய வெள்ளி மணிகளாக மாறுகின்றன. துகள் வேகமாகச் சென்றால் மணிகள் தள்ளித் தள்ளி விழும். வேகம் குறையக் குறைய நெருங்கி விழும். ஆகவே மணிகளின் நெருக்கம் வேகத்தைச் சொல்லும். அதே துகள் வழியிலுள்ள அணுக்கருக்களால் சிறிது சிறிதாகத் திசை திருப்பப்படுவதால் அதன் தடம் நெளியும். இந்த நெளிவு எவ்வளவு என்பது துகளின் உந்தத்தையும் வேகத்தையும் பொறுத்தது. வேகம் தெரிந்து, உந்தமும் தெரிந்துவிட்டால் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். புரோட்டான் எலெக்ட்ரானைப் போல 1836 மடங்கு கனமானது என்பதால் அதன் தடம் ஏறக்குறைய நேராகச் செல்லும்; மீசோட்ரான் வளைந்து நெளிந்து செல்லும். பெரிய காந்தமோ, துகளின் பாதையை நுண்துளிகளால் காட்டும் முகில் அறையோ இல்லாமல், ஒரு கண்ணாடித் தகட்டையும் ஒரு நுண்ணோக்கியையும் மட்டும் கொண்டு துகளை எடைபோட வழி இருக்கிறது என்று காட்டியதுதான் அந்த 1941 கட்டுரையின் பெருஞ்சிறப்பு.

அது அளந்த துகள் எது என்பது வேறு கேள்வி. மலைமேல் வைத்த தகட்டில் மெல்ல வந்து நிற்கும் துகள்களில் மியூவான்களும் இருக்கும், அருகில் சிதைந்த அணுக்கருக்களிலிருந்து வெளிப்பட்ட பயான்களும் இருக்கும். அவர்கள் பல தடங்களை அளந்து ஒரு சராசரி நிறையைக் கொடுத்தார்கள். இரண்டு வகைத் துகள்களின் தடங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒற்றை எண்தான் கிடைக்கும். அந்தச் சராசரியும் மியூவானின் நிறைக்குத்தான் நெருக்கமாக இருந்தது. எனவே 'பயானை முதலில் கண்டவர்' என்று அவரைச் சொல்ல இயலாது. 'தகட்டிலுள்ள தடத்தின் நெளிவைக் கொண்டு மீசானை எடைபோடும் முறையை முதலில் கையாண்டவர்' என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம்.

இதற்கு வெளிச்சான்றும் உண்டு. பவலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1959இல் வெளியிட்ட பெருநூலில், புரோட்டான் தடத்தையும் மீசான் தடத்தையும் வேறுபடுத்தி அறிய முடியும் என்பதை 1941இலேயே போஸும் சௌதுரியும் சுட்டிக்காட்டினார்கள் என்றும், அவர்களுடைய முறையின் அடிப்படை சரியானது என்றும், தடத்தின் சிதறலைக் கொண்டு அளக்கும் வழிக்கு அதுவே முதல் முயற்சி என்றும் எழுதியிருக்கிறார்கள். பரிசு பெற்றவரே ஒப்புக்கொண்ட முன்னுரிமை இது. பலகையில் இதை எழுதினால் எவராலும் மறுக்க முடியாது.

பழைய நுண்ணோக்கி

நிறைமாறிலி ஐயா சொன்ன இயற்பியலோடு, அந்த வேலை கைக்கும் கண்ணுக்கும் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல விரும்புகிறேன். இளவயதில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஆண்டுகள் நான் தகடு பார்க்கும் பணியில் இருந்தேன். எங்கள் காலத்துத் தகடுகள் சௌதுரியின் தகடுகளைவிடப் பல மடங்கு மேம்பட்டவை. அப்படியிருந்தும் அந்த வேலை எளிதாக இல்லை.

தகட்டின்மீது ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, உருப்பெருக்கும் ஆடியை அந்த எண்ணெயைத் தொடும்வரை இறக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவது முதலில் வெறும் தூசிப்படலம். தொடர்பில்லாமல் ஆங்காங்கே கிடக்கும் மணிகள்தாம் அவை. அவற்றுக்கிடையே உண்மையான தடம் மறைந்திருக்கும். கோலத்துக்கு வைத்த புள்ளிகளில் ஒரு வரிசை மட்டும் சற்றே கோணி நடந்து போவதாக எண்ணிப் பாருங்கள். அதைக் கண்டதும் கை தானாக நுண்திருகுக்குப் போகும். பால்மத்துக்குத் தடிமன் உண்டு. தடம் அதற்குள் சரிவாக இறங்கிக்கொண்டே போகும் என்பதால், திருகை மயிரிழை அளவு திருப்பித் திருப்பி ஒவ்வொரு மணியையும் தெளிவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மணி தவறினால் தடம் கைவிட்டுப் போய்விடும். துகள் நிற்கும் இடம் நெருங்க நெருங்கப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, இழை தடித்து, திடீரென்று முடிந்துவிடும். அந்த முடிவைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கும். எங்கோ உருவான ஒரு துகள் தன் ஓட்டத்தை முடித்துக்கொண்ட இடம் அது.

சௌதுரி வைத்திருந்தவை இல்ஃபோர்ட் நிறுவனத்தின் அரைத்தொனித் தகடுகள். படம் அச்சிடுவோருக்காகச் செய்யப்பட்டவையே தவிர, துகள் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வேகமான துகள்கள் அதில் பதியவே பதியாது. மெல்லச் செல்பவற்றின் தடத்திலும் மணிகள் குறைவாகவே இருக்கும். மேலும், பல மாதங்கள் வைத்திருந்தால் முதலில் பதிந்த தடங்கள் கழுவுவதற்கு முன்பே மங்கத் தொடங்கும். ஈரமும் வெப்பமும் மங்கலை விரைவாக்கும். மணிகளின் எண்ணிக்கையே அளவீட்டின் உயிர் என்றிருக்கும்போது, அந்த எண்ணிக்கையே குறைந்துகொண்டு போகும் தகட்டை வைத்து 200 என்ற எண்ணுக்கு வந்து சேர்ந்தது என்னைப் பொறுத்தவரை வியப்புக்குரியது. அந்தக் கட்டுரைகளில் இரண்டே பெயர்கள்தாம் உள்ளன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பிரிஸ்டலில் நிலைமை வேறு. அங்கே தகடு பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்ற பெண்கள் குழுவாக இருந்தார்கள். பயான் நின்ற இடத்திலிருந்து மியூவான் புறப்படும் முதல் நிகழ்வைத் தகட்டில் கண்டவர் மரியெட்டா குர்ஸ் என்னும் இளம்பெண். அடுத்ததைக் கண்டவர் ஐரீன் ராபர்ட்ஸ். குழுவினர் வெளியிட்ட படங்கள் சிலவற்றின் கீழே கண்டவரின் பெயரை அச்சிட்டது நல்ல வழக்கம்தான். ஆயினும் கட்டுரையின் ஆசிரியர் வரிசைக்கு அந்தப் பெயர்கள் ஏறவில்லை. சௌதுரிக்கு ஒரு பலகை வைக்கும்போது குர்ஸின் பெயரும் அதில் எங்காவது இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செங்கதிர்

பழைய நுண்ணோக்கி அவர்களின் பதிவைப் படித்த பிறகு என் முதல் பதிவில் இருந்த சினம் சற்றுத் தணிந்தது, துயரம் கூடிவிட்டது. ஒரு கேள்வி. குர்ஸ் கண்ட அந்தத் தடத்தில் அப்படி என்ன இருந்தது? ஒரே தடத்தைக் கண்டதும் புதிய துகள் என்று எப்படி முடிவு செய்தார்கள்? சௌதுரியின் தகட்டில் அது ஏன் சிக்கவில்லை?

நிறைமாறிலி

ஒரு தடத்தை வைத்து முடிவு செய்யவில்லை. முதல் தடத்தில் கண்டது இதுதான்: ஒரு மீசான் மெல்ல ஓடி நிற்கிறது, நின்ற புள்ளியிலிருந்தே இன்னொரு மீசான் புதிதாகக் கிளம்புகிறது. பிறகு அதே போன்ற நிகழ்வுகள் பல கிடைத்தபோது, இரண்டாவது துகள் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே தொலைவு, அதாவது 0.6 மில்லிமீட்டர் அளவு ஓடி நிற்பதைக் கண்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே தொலைவு என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே ஆற்றல் என்று பொருள். நின்றுபோன துகள் இரண்டே துண்டுகளாகச் சிதைந்தால்தான் அப்படி அமையும். கனமான பயான் நின்று, இலேசான மியூவானாகவும், தடம் பதிக்காத நடுநிலைத் துகள் ஒன்றாகவும் பிரிகிறது என்பது அப்படித்தான் உறுதிப்பட்டது. சராசரியில் ஒளிந்திருந்த இரண்டு துகள்களும் ஒரே படத்தில் அடுத்தடுத்து நின்றன.

சௌதுரிக்கு இது ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு உயரம் காரணம் அன்று. பவல் குழுவின் முதல் நிகழ்வுகள் பிரான்சின் பீக் து மிடி மலையில் வைத்த தகடுகளிலிருந்து வந்தவை. அதன் உயரம் 2,800 மீட்டரைச் சற்றே தாண்டும். சந்தக்ஃபூ 3,600 மீட்டர், பாரி ஜோங் 4,300 மீட்டருக்கும் மேல். வேறுபாடு முழுவதும் தகட்டில்தான். போர் முடிந்ததும் பிரிட்டனில், அணுக்கரு ஆய்வுக்கென்றே வெள்ளி புரோமைடைப் பல மடங்கு செறிவாக்கிய புதிய பால்மத்தை இல்ஃபோர்ட் செய்து கொடுத்தது. போர்க்காலக் கொல்கத்தாவிலோ, அரைத்தொனித் தகடுகளுக்கு மேம்பட்ட முழுத்தொனித் தகடுகளையே தருவிக்க முடியவில்லை. சந்தக்ஃபூவின் உயரமும், சௌதுரியின் கண்ணும், 1946ஆம் ஆண்டுத் தகடும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இளவேனில்

இருவருக்கும் மிக்க நன்றி. நாளை வகுப்பில் அந்த 0.6 மில்லிமீட்டர் கதையை அப்படியே சொல்லப் போகிறேன். இன்னும் ஒரு ஐயம்: 1945இல் அவர் இங்கிலாந்துக்கே போய்விட்டாரே! பவல் இருந்த நாட்டிலேயே இருந்தும் தகட்டு ஆய்வை ஏன் தொடரவில்லை?

நிறைமாறிலி

அவர் சென்றது மான்செஸ்டருக்கு, பேட்ரிக் பிளாக்கெட்டின் ஆய்வுக்கூடத்துக்கு. அங்கே வழக்கில் இருந்தவை முகில் அறைகளும் எண்ணிக்குழாய்களும். ஆய்வு மாணவராகச் செல்பவர், அந்தக் கூடத்தின் கருவியையும் அந்தக் கூடத்தின் கேள்வியையுமே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவரும் அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் துகள் பொழிவுகளை எடுத்துக்கொண்டு, முனைவர் பட்டத்துக்காக அதைச் செம்மையாகச் செய்தார். அவருடைய ஆய்வைப் பற்றி உள்ளூர் நாளிதழ் ஒன்று அப்போது நேர்காணல் வெளியிட்டது. இயற்பியலில் பெண்கள் இவ்வளவு குறைவாக இருப்பது பெருந்துயரம் என்று அதில் அவர் வருந்தியிருக்கிறார். பிளாக்கெட் 1948இல் நோபல் பரிசு பெற்றார். பவல் அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெற்றார். தாம் 1941இல் தொடங்கி வைத்த வழியில் பிரிஸ்டல்காரர்கள் விரைந்து செல்வதை அவர் சில மணிநேரப் பயணத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தகட்டு முறையை முதலில் தொடங்கியவர்களும் அவர்கள் அல்லர். அண்டக்கதிர்களைத் தகட்டில் பிடிக்கும் வழியைத் திறந்து வைத்தவர் வியன்னாவின் மரியெட்டா பிளாவ். அவரும் ஹெர்தா வாம்பாக்கரும் 1937இல், இன்ஸ்புருக் அருகே 2,300 மீட்டர் உயரத்தில் ஐந்து மாதங்கள் வைத்த தகட்டில், ஓர் அணுக்கரு சிதறி அதன் துண்டுகள் நாலாபுறமும் விண்மீன் கதிர்களைப் போலப் பாய்ந்திருப்பதைக் கண்டார்கள். பிளாவ் யூதர் என்பதால் 1938இல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஐன்ஸ்டைனின் உதவியால் மெக்சிகோவில் வேலை கிடைத்தது. ஆனால் அங்கே இத்தகைய ஆய்வுக்கு வசதி இல்லை. எர்வின் ஷ்ரோடிங்கர் அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். கிடைக்கவில்லை. சௌதுரியைப் பற்றிய பலகையில் பிளாவை விட்டுவிட்டால், ஒரு பெண்ணுக்கு நியாயம் கேட்கப் போய் இன்னொரு பெண்ணை மறைத்ததாக ஆகும்.

பழைய நுண்ணோக்கி

பிளாவைக் குறிப்பிட்டதற்கு நன்றி, ஐயா. அதே வரிசையில் ரோஸ்மேரி பிரவுனையும் சேர்க்கலாம். பவல் குழுவில் ஆய்வு மாணவியாக இருந்த அவர், 1948இல் தம் 22ஆம் வயதில், ஒரு துகள் மூன்று பயான்களாகச் சிதையும் தடத்தைக் கண்டார். கேயான் என்று இப்போது அழைக்கப்படும் துகளின் மிகத் தெளிவான முதற்சான்றுகளில் அது ஒன்று. அந்தக் கட்டுரையில் அவர் பெயர் முதலில் இருந்தது. திருமணத்துக்குப் பின் முனைவர் பட்டத்தை முடிக்காமலே ஆய்வை விட்டார். 2024இல், தம் 98ஆம் வயதில், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டத்தைப் பெற்றார். தகட்டைப் பார்த்த கண்களில் எத்தனை பெண்களுடையவை என்று எண்ணிப் பார்க்கிறேன்.

செங்கதிர்

நான் என் முதல் பதிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'பறிக்கப்பட்ட நோபல்' என்ற தொடர் சரியில்லை என்பதை நிறைமாறிலி ஐயாவின் விளக்கம் எனக்கு உணர்த்திவிட்டது. ஆனால் அநீதியே இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். அது எங்கே இருக்கிறது என்று தேடும் இடத்தைத்தான் நான் மாற்றிக்கொண்டேன்.

பவல் தம் நூலில் அவருக்கு உரியதை எழுதினார். நாம் என்ன செய்தோம்? 1949இல் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஹோமி பாபாவின் அழைப்பில் சேர்ந்த முதல் பெண் ஆய்வாளர் அவர். பிறகு அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் விக்ரம் சாராபாயோடு பணியாற்றினார். சாராபாய் 1971இல் மறைந்த பிறகு விருப்ப ஓய்வு பெற்றுக் கொல்கத்தா திரும்பியவர், அங்கேயும் ஆய்வை விடவில்லை. 1991இல் இறக்கும் வரையில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். அரை நூற்றாண்டு இடைவிடாத உழைப்பு. ஆனால் நாட்டின் அறிவியல் கழகங்களில் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய தேசிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. அவருக்கென்று விரிவான வாழ்க்கை வரலாறு வர 2018 ஆயிற்று. ஸ்டாக்ஹோமில் உள்ள குழுவின்மீது பழி போடுவது நமக்கு எளிது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்கள் பாராமல் விட்டதை எந்தப் பலகையில் எழுதுவது?

ஆழ்சுரங்கம்

நான் இயற்பியல் படித்தவன் அல்லன். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். என் தந்தையார் சுரங்கத்தில் மின்பணியாளர். இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சிறுவனாக இருந்தபோது, விஞ்ஞானிகள் கருவிகளைப் பெட்டி பெட்டியாகக் கூண்டில் ஏற்றிக்கொண்டு கீழே போவதைப் பற்றித் தந்தையார் சொல்லுவார். வானத்திலிருந்து வருவதைப் பிடிப்பதற்கு இவர்கள் ஏன் பூமிக்குள் இறங்குகிறார்கள் என்பது எங்கள் தெருவில் பெரிய பேச்சு. பாறை மற்றவற்றையெல்லாம் தடுத்துவிடும், ஊடுருவி வருவது எதுவோ அதுதான் தங்களுக்கு வேண்டும் என்று ஒரு விஞ்ஞானி விளக்கியதாகத் தந்தையார் சொல்லி, 'சல்லடை மாதிரிடா' என்று முடிப்பார். இரண்டு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், 1965இல், வளிமண்டலத்தில் உண்டான, பாறையையும் ஊடுருவும் நியூட்ரினோ என்னும் துகளின் சுவடு அங்கே பதிவான செய்தியைப் பின்னாளில் படித்தபோதுதான் அந்தப் பேச்சின் பெருமை எனக்கு விளங்கியது.

பிபா சௌதுரியும் தங்கவயல் ஆய்வுகளில் பங்கெடுத்தவர் என்பதை இந்த வாரம்தான் அறிந்தேன். மலையுச்சியில் தகடு வைத்தவர், பிறகு சுரங்கத்தின் ஆழத்துக்கும் வந்திருக்கிறார். எங்கள் ஊரில் அவர் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. கண்காட்சியில் இந்தச் செய்திக்கும் ஒரு வரி கொடுங்கள், அம்மா. தங்கவயலில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் யாராவது அதைப் படிக்கக்கூடும்.

இளவேனில்

ஆழ்சுரங்கம் ஐயா, அந்த வரி கட்டாயம் இடம்பெறும். இந்த இழையில் வந்த பதிவுகளை எல்லாம் மாணவியிடம் படித்துக் காட்டினேன். தலைப்பை மாற்ற வேண்டும் என்றதும் முதலில் அவளுக்கு முகம் வாடிவிட்டது. பிறகு, மணிகள் நெருங்கி வருவதைப் படம் வரைந்து காட்டி, தடம் நெளிவதையும் நேராகச் செல்வதையும் அருகருகே வைத்தபோது, 'இதைக் கண்டுபிடித்தது இவர்தானா?' என்று கேட்டாள். ஆம் என்றேன். அதன்பின் அவளே உட்கார்ந்து எழுதியது இது. பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

'தடத்தின் நெளிவில் துகளின் எடை: பிபா சௌதுரி, 1913–1991. தேபேந்திர மோகன் போஸுடன் இணைந்து, இந்திய மலைகளில் மூன்று இடங்களில் ஒளிப்படத் தகடுகளை வைத்து, அண்டக்கதிர்களில் உள்ள மீசான்களின் நிறையை அவற்றின் தடங்களைக் கொண்டே கணக்கிடும் முறையை 1941இல் வெளியிட்டார். போரினால் நல்ல தகடுகள் கிடைக்காததால் அந்த ஆய்வு நின்றது. செறிவான புதிய தகடுகளைக் கொண்டு பிரிஸ்டலில் செசில் பவல் குழுவினர் 1947இல் பயானைக் கண்டார்கள். அந்தத் தடத்தை முதலில் கண்ணால் கண்டவர் மரியெட்டா குர்ஸ். அண்டக்கதிர் ஆய்வில் தகட்டு முறைக்கு வழி திறந்தவர் வியன்னாவின் மரியெட்டா பிளாவ். சௌதுரி பின்னாளில் கோலார் தங்கவயலின் ஆழத்திலும் ஆய்வு செய்தார். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2019இல், செக்ஸ்டன்ஸ் விண்மீன் குழாமில் உள்ள ஒரு விண்மீனுக்குப் பிபா என்று பெயரிட்டது.'

நிறைமாறிலி

மிக நன்றாக இருக்கிறது. மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். ஒரே ஒரு திருத்தம். பாரி ஜோங் இந்தியாவில் இல்லை. அது திபெத்தில் உள்ளது. ஆகவே 'இந்திய மலைகளில்' என்பதற்குப் பதிலாக 'இமயமலைப் பகுதியில்' என்று இருக்க வேண்டும்.

அவருடைய குடும்பப்பெயர் கட்டுரைக்குக் கட்டுரை, நூலுக்கு நூல் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. அதனாலேயே அவருடைய எழுத்துகளை ஒன்றுசேர்த்துத் தேடுவது கடினம். தமிழில் நாமாவது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுவோம். சௌதுரி என்றே இருக்கட்டும். சௌத்ரி, சவுத்ரி என்று பலகைக்குப் பலகை மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளவேனில்

இரண்டையும் திருத்திவிட்டோம். அறிமுகப் பலகையில் 'சவுத்ரி' என்று அச்சாகியிருந்தது. அந்தத் தாளை எடுத்துவிட்டு மாணவி புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.